கண்ணில் வளர்ந்த சதையை எடுத்த பிறகும் சிவப்பு போகவில்லை, திரும்ப வளருகிறதா?

மயிலிட்டிப் பிள்ளை:

வணக்கம். அப்பாவின் கண் விசயமாகக் கேட்கிறேன், தெரிந்தவர்கள் சொல்லுங்கோ.

அப்பாவுக்கு 58 வயது, பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து கடல் தொழில்தான். வலது கண்ணில் மூக்குப் பக்கமாக வெள்ளைமுழியில் தொடங்கின சதை வருசக்கணக்காக மெல்ல மெல்ல ஊர்ந்து கருவிழிக்கு மேலே ஏறிவிட்டது. எங்கள் கரையில் கனபேருக்கு இது இருக்கிறது, அதனால் ஒருவரும் பெரிதாக எடுப்பதில்லை, அவரும் எடுக்கவில்லை. இந்த வருசம் சோளகக் காற்று பெயர்ந்ததும் எரிவும் கண்ணீரும் தாங்க ஏலாமல் போய்விட்டது. கண்ணாடிக்கு இலக்கம் பார்க்கப் போன இடத்தில் டொக்டர், சதை கருவிழியை இழுத்துப் பிடித்து அதன் வளைவையே மாற்றியிருக்கிறது, இதை எடுக்காமல் எந்தக் கண்ணாடி போட்டாலும் தெளிவு வராது என்று சொல்லி ஒப்பரேஷனுக்குத் திகதி தந்தார். கண்ணடியில் விறைப்பூசி போட்டுச் செய்து, கட்டுப்போட்டு, அன்றைக்கே வீட்டுக்கு விட்டார்கள்.

அது முடிந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. கட்டெல்லாம் அவிழ்த்தாயிற்று. ஆனால் கண் இன்னும் செக்கச்செவேல் என்று இருக்கிறது. சதை எடுத்த இடத்தில் நுங்கு மாதிரி ஒரு வீக்கம், அதன் ஓரத்தில் கறுப்பு நூல் நுனி இரண்டு மூன்று தெரிகிறது. அப்பா மேல் இமைக்குள்ளும் ஏதோ குத்துகிறது என்கிறார், சதை இருந்தது கீழேயும் இல்லை மேலேயும் இல்லை, நடுவில்தானே, மேல் இமையில் ஏன் குத்த வேண்டும்? மாமி வந்து பார்த்துவிட்டு, ஐயோ இது திரும்ப வளருது என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து வீட்டில் நித்திரை இல்லை. பெரியம்மா தாய்ப்பால் இரண்டு துளி விடச் சொல்கிறார், முன்வீட்டு ஐயா நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடச் சொல்கிறார். அப்பாவுக்கோ எப்போது தொழிலுக்குப் போவது என்ற யோசனை, அதோடு ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக் கேணியில் முழுகியே ஆக வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறார்.

கிளினிக் அடுத்த கிழமைதான். அதற்குமுன் காட்ட வேண்டுமா? இந்தச் சிவப்பு வழமைதானா?

இணுவில் தோட்டக்காரன்:

தங்கச்சி, மாமியின் கதையை முதலில் விடுங்கோ. ஒரு கிழமையில் அது திரும்ப வளராது. எனக்கு இடது கண்ணில் செய்தது. வெங்காயத் தோட்டத்தில் நாள்முழுக்க வெயிலுக்குள்ளும் செம்மண் புழுதிக்குள்ளும் நிற்கிற ஆள் நான், வராமல் இருந்தால்தான் புதினம்.

முதல் இரண்டு நாள் சரியான நோ. விறைப்பு விடும்வரை ஒன்றும் தெரியாது, இரவில்தான் தொடங்கும், பரசிட்டமோல் குளிசை போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு கிடந்தேன். கருவிழியின் மேல்தோல் உரிந்து கிடக்கிறது, அது மூடும்வரை அப்படித்தான் இருக்கும் என்று டொக்டர் முன்கூட்டியே சொல்லியிருந்தபடியால் பயம் இல்லை. மூடினதும் நோ ஒரேயடியாகக் குறைந்துவிட்டது. சிவப்பு அப்படி இல்லை. அது ஒரு மாதத்துக்கு மேல் கிடந்து ஆறுதலாகத்தான் போனது. ஒரு பக்கம் இரத்தக் கண்டல் வேறு, முதலில் கடுஞ்சிவப்பு, பேந்து மஞ்சள் பாரித்துக் கரைந்தது. சந்தையில் கண்ட சனமெல்லாம் கண்நோய் என்று நினைத்து ஒதுங்கி நின்று கதைத்தது இன்னும் ஞாபகம், நானும் தெளிவுபடுத்த மினக்கெடவில்லை, கடன் கேட்கிறவர்களும் கிட்ட வரவில்லை.

குளிப்புத்தான் பெரிய கரைச்சல். கழுத்துக்குக் கீழே வார்க்கலாம், முகத்தைத் துவாய் நனைத்துத் துடைக்கலாம், தலைக்குத்தான் வழி வேண்டும். கதிரையில் மல்லாக்கச் சாய்ந்து இருந்து, மனைவி பின்பக்கமாக வாளியை வைத்துத் தலைக்கு வார்த்தா. சவர்க்கார நுரை ஒரு துளி கண்ணில் படவில்லை. அப்பாவுக்கும் அப்படிச் செய்யுங்கோ. சமைக்கிற இடத்தில் விறகுப் புகைக்குள் இருக்கவும் விடாதேங்கோ.

தோட்டத்துக்கு நான் மூன்று நாலு கிழமை போகவில்லை. மருந்து அடிக்கிற வேலைக்கு அதற்குப் பிறகும் ஆள்தான் பிடித்தேன்.

பிரிஸ்பேன் தமிழன்:

நான் இருக்கிற குயின்ஸ்லாந்தில் இது ஊருக்கு ஊர் இருக்கிற வருத்தம். கடலும் வெயிலும் என்றால் இதுவும் சேர்ந்து வரும் போல. இங்கே பிரிஸ்பேனில் ஹேர்ஸ்ட் என்ற கண் மருத்துவர் இந்த ஒரு ஒப்பரேஷனையே திரும்பத் திரும்பச் செய்து, 1,000 கண்களில் ஒன்றே ஒன்றில்தான் சதை திரும்பியது என்று 2012 இல் எழுதியிருக்கிறார். அவருடைய முறையில் சதைக்கு அடியில் இருக்கிற தடித்த திசுவையும் அகலமாகச் சுரண்டி எடுத்து, கண்ணின் மெல்லிய வெண்படலத் தோலைப் பெரிய துண்டாக எடுத்து ஒட்டுவார்கள். நேரமும் எடுக்கும், நோவும் கூட.

எனக்குச் செய்த டொக்டர் தையலே போடவில்லை, பசை வைத்து ஒட்டினார். மனித இரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த புரதத்தில் செய்கிற பசை, ஃபைப்ரின் என்று பெயர். தையல் இல்லாததால் குத்தல் குறைவு, வேலையும் கெதியாக முடியும். அப்பாவுக்கு நூல் தெரிகிறது என்றால் தையல்தான். அங்கே பசை கிடைக்காதா? ஏன் இன்னும் தைக்கிறார்கள் என்று கேட்டுப் பார்க்கலாமே.

ஓய்வுபெற்ற தாதி:

பிள்ளை, நான் கண் வாட்டில் கனகாலம் நின்று ஓய்வுபெற்றவள். டொக்டர் இல்லை, அப்பாவின் கண்ணைப் பார்க்காமல் முடிவாக ஒன்றும் சொல்ல ஏலாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது ஆறுகிற கண்தான்.

பிரிஸ்பேன் தம்பிக்கு முதலில் ஒரு வார்த்தை. தையல் போட்டால் பழைய முறை, பசை என்றால் புதிய முறை என்று இல்லை. பசை விலை கூட, நோவும் நேரமும் குறைவு. நோயாளியின் சொந்த இரத்தம் கசிந்து உறைவதையே பசையாக வைத்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள், அதற்குச் செலவே இல்லை, ஆனால் முதல் நாட்களில் கண்ணைக் கசக்கினால் ஒட்டின துண்டு நழுவிவிடும். தையலுக்கு அந்தப் பயம் குறைவு. கடல் தொழில் செய்கிற ஒருவருக்கு டொக்டர் தையலைத் தெரிந்தெடுத்ததில் எனக்கு ஒரு பிழையும் தெரியவில்லை.

இனி அப்பாவின் கண். சதையை வெட்டுவது இந்த ஒப்பரேஷனில் சின்ன வேலை. வெட்டின பிறகு வெள்ளைமுழியில் தோல் இல்லாத வெறும் இடம் ஒன்று கிடக்கும், அதை என்ன செய்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தி அதை அப்படியே விட்டுவிடுவார்கள், தானாக மூடட்டும் என்று. அது மூடும், ஆனால் பக்கத்துச் சதையும் சேர்ந்து ஓடிவந்து மூடும். அப்படி விட்ட கண்களில் திரும்ப வளர்ந்தது ஆய்வுக்கு ஆய்வு 24 வீதத்திலிருந்து 89 வீதம் வரை என்று கணக்கு இருக்கிறது. இப்போது அதே கண்ணில் மேல் இமை மூடி வெயில் படாமல் வைத்திருக்கிற இடத்திலிருந்து மெல்லிய வெண்படலத்தை அளவாக எடுத்து, அந்த வெறும் இடத்தில் பதித்துத் தைப்பார்கள். 1985 இல் அமெரிக்காவில் கென்யன் என்ற டொக்டரும் கூட வேலை செய்தவர்களும் 57 கண்களுக்கு இப்படிச் செய்து 3 கண்ணில்தான் திரும்ப வந்தது என்று வெளியிட்டார்கள், அதற்குப் பிறகுதான் இந்த முறை உலகமெல்லாம் பரவியது.

ஆகவே அப்பாவின் கண்ணில் ஒன்றல்ல, மூன்று புண் இருக்கிறது. கருவிழியில் சதை உரித்த இடம் ஒன்று, அது சில நாளில் மூடிவிடும், நோ முழுக்க அதில்தான். தோல் எடுத்த இடம் இன்னொன்று, மேல் இமைக்குள் குத்துகிறது என்று அப்பா சொல்கிறாரே அது இதுதான், இரண்டு கிழமையளவில் தானாக ஆறும். மூன்றாவது ஒட்டின துண்டு. அது முதலில் வீங்கும். அடியில் கொஞ்சம் இரத்தமோ நீரோ தேங்கி நீங்கள் சொன்ன மாதிரித் தடித்துப் பளபளவென்று நிற்கும். புதிதாக ஒட்டின துண்டுக்குள் இரத்தம் ஓடத் தொடங்கினால் சிவக்காமல் என்ன செய்யும்? உண்மையில் அந்தத் துண்டு இரத்தமே இல்லாமல் வெளிறிக் கிடந்தால்தான் நான் யோசிப்பேன். வீக்கம் இரண்டு மூன்று கிழமையில் தட்டையாகும், சிவப்புக்கு ஒரு மாதம், இரண்டு மாதம் விடுங்கோ. கறுப்பு நூல் என்றால் கரையாத நைலோனாக இருக்கும், கிளினிக்கில் துளி விட்டு விறைக்கச் செய்து எடுத்துவிடுவார்கள், எடுத்ததும் குத்தல் பாதி போய்விடும். நீங்கள் வீட்டில் அதைப் பிடித்து இழுக்க வேண்டாம், சொல்ல வேண்டியிருக்கிறது, இழுத்துக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

திரும்ப வளர்வது எப்படி இருக்கும் என்றால், கருவிழியின் ஓரத்துக் கோட்டைத் தாண்டி மெல்லிய இரத்தக்குழாய்கள் உள்ளுக்கு ஏறும், அவற்றின் பின்னால் சதை தடித்து வரும். வெள்ளைமுழி சிவந்திருப்பது அதுவல்ல. வருவதென்றால் பெரும்பாலும் முதல் வருசத்துக்குள் வந்துவிடும், அதிலும் முதல் நாலைந்து மாதம்தான் கவனமாகப் பார்க்க வேண்டிய காலம். கிழமைக்கு ஒருக்கால் பகல் வெளிச்சத்தில் ஒரே ஜன்னலடியில் வைத்துக் கண்ணைப் போனில் படம் எடுத்து வையுங்கோ. மாமி அடுத்த முறை வந்தால் படத்தைக் காட்டலாம்.

கிளினிக் வரை பொறுக்கக் கூடாதவையும் இருக்கிறது. குறைந்த நோ திரும்பக் கூடினால், பார்வை மங்கினால், பீளை மஞ்சளாக அல்லது பச்சையாக வந்தால், வெளிச்சம் பார்க்கவே ஏலாமல் போனால், கருவிழியில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால், ஒட்டின துண்டைக் காணவில்லை என்றால், அன்றைக்கே கொண்டுபோங்கோ. இரவென்றாலும் போங்கோ.

தாய்ப்பால் வேண்டாம், நந்தியாவட்டை வேண்டாம், தேனும் வேண்டாம். நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள், ஆனால் திறந்த புண்ணில் கிருமி உள்ள எதை விட்டாலும் கருவிழியில் புண் பிடிக்கும், பிடித்தால் தழும்பு, தழும்பு விழுந்தால் பார்வை போய்விடும்.

கீரிமலை பற்றி. அமாவாசையன்று அந்தக் கேணியில் எத்தனை நூறு பேர் இறங்குவார்கள் என்று அப்பாவுக்கே தெரியும். கேணியும் வேண்டாம், கடலும் வேண்டாம். பிதிர்க்கடன் செய்ய ஒரு தடையும் இல்லை, கரையில் இருந்து செய்யட்டும், இடுப்பளவு தண்ணீர் வார்க்கட்டும், பின்தலையில் கொஞ்சம் தெளித்துக்கொள்ளட்டும். ஐயரிடம் கேட்டால் அவரும் அதையே சொல்லுவார். அடுத்த வருசமும் ஆடி அமாவாசை வரும்.

வல்வெட்டித்துறையான்:

தாதி அம்மா சொன்னதில் முந்தி வெறுமனே வெட்டிவிடுவார்கள் என்ற பகுதியின் உதாரணம் நான்தான். முப்பது வயதுக்குள் ஓர் இடத்தில் செய்தேன், இடத்தின் பெயர் வேண்டாம். தோல் ஒட்டவில்லை, ஒட்ட வேண்டும் என்று எனக்கும் தெரியாது. வருசம் முடிய முதலே திரும்ப வந்தது, வந்தது முந்தினதைவிடத் தடிப்பு. கண்ணை வெளிப்பக்கமாகத் திருப்பும்போது ஏதோ பிடித்து இழுக்கிற உணர்வு, ஒரு பக்கம் பார்த்தால் பொருள் இரண்டாகத் தெரியும். இளம் வயதில் செய்தால் திரும்ப வருவது கூடுதலாம், சதை தடித்துச் சிவந்து இருந்தால் இன்னும் கூடுதலாம். இதை இரண்டாவது டொக்டர்தான் சொன்னார்.

இரண்டாவது ஒப்பரேஷன் முதலாவதைப் போல் லேசில்லை. பழைய தழும்பு எல்லாம் தசையோடு ஒட்டிப்பிடித்துக் கிடந்ததாம், அதைப் பிரித்தெடுக்கவே நேரம் போனது. அப்போது தோலும் ஒட்டினார்கள், மைட்டோமைசின் என்ற மருந்தையும் மிகவும் ஐதாகக் கலந்து கொஞ்ச நேரம் வைத்துக் கழுவினார்கள். அது புற்றுநோய்க்குப் பாவிக்கிற மருந்து, வளருகிற கலங்களை அடக்கும், ஆனால் கவனமில்லாமல் வைத்தால் வெள்ளைமுழியே மெலிந்து கரையக்கூடும், அதனால் பல வருசம் கழித்தும் வந்து காட்ட வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்றுவரை வளரவில்லை.

ஆகவே மற்றவர்களுக்கு நான் சொல்வது, ஒப்பரேஷனுக்கு முதலே கேளுங்கோ: வெட்டின இடத்தில் தோல் ஒட்டுவீர்களா? அது ஒன்றும் மரியாதைக்குறைவான கேள்வி இல்லை. மற்றது, வெட்டி எடுத்த சதையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார்களா என்றும் கேளுங்கோ. எப்போதாவது ஒருவருக்குச் சதை என்று நினைத்தது கண் மேற்பரப்பில் வருகிற புற்றாக இருக்கும், வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியுமாம்.

மயிலிட்டிப் பிள்ளை:

எல்லோருக்கும் நன்றி, வாசித்துக் காட்டினேன், அப்பா கேணி விசயத்தில் கொஞ்சம் இறங்கி வந்திருக்கிறார், தொழில் விசயத்தில் இன்னும் இல்லை. மேல் இமைக்கு அடியிலிருந்து தோல் எடுத்த கதை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை, இப்போதுதான் விளங்குது. துண்டு வெளிறவில்லை, பீளையும் இல்லை, நோவும் நாளுக்கு நாள் குறைவுதான்.

இன்னும் மூன்று சந்தேகம். இரண்டு போத்தல் துளிமருந்து தந்திருக்கிறார்கள், ஒன்று அடியில் வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது, பழுதாகிவிட்டதா? அது முடிந்தால் பார்மசியில் அதையே வாங்கி விடலாமா, கிளினிக் போய்வருவது என்றால் ஒரு நாள் முழுக்கப் போகும். மற்றது, அதே கண்ணில் வெண்புரையும் தொடங்கியிருக்கிறது என்று சொன்னார்கள், அதையும் சேர்த்தே செய்திருக்கலாமே, ஏன் செய்யவில்லை?

ஓய்வுபெற்ற தாதி:

பழுதாகவில்லை. அடியில் படிவது பிரட்னிசொலோன் என்ற ஸ்டீரொய்ட் துளியாக இருக்கும், போத்தலில் அப்படித்தான் எழுதியிருக்கிறதா பாருங்கோ. அதில் மருந்து கரைந்து இருக்காது, பொடியாக மிதந்துகொண்டு இருக்கும், ஒவ்வொரு முறையும் விட முதல் நன்றாகக் குலுக்க வேண்டும். குலுக்காமல் விட்டால் முதல் கிழமை வெறும் தண்ணீரும் கடைசிக் கிழமை கெட்டி மருந்தும்தான் கண்ணுக்குப் போகும். கீழ் இமையை இழுத்து அந்தக் குழியில் ஒரு துளி காணும், போத்தல் நுனி இமையில் முட்டக்கூடாது, கண்ணை மூடி மூக்கோரத்தை விரலால் ஒரு நிமிசம் அழுத்திப் பிடித்தால் தொண்டைக்குள் கசப்பு இறங்காது. மற்றத் துளிக்கு ஐந்து நிமிசம் இடைவெளி. திறந்து ஒரு மாதம் ஆனால் மிச்சம் இருந்தாலும் எறிந்துவிடுங்கோ.

பார்மசியில் நீங்களாக வாங்கி விடுவது மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தத் துளிதான் சிவப்பை அடக்குகிறது, சதை திரும்ப வளராமல் பார்ப்பதிலும் அதற்குப் பெரிய பங்கு இருக்கிறது, அதனால் இடையில் நிறுத்தவும் கூடாது, டொக்டர் ஒன்றிரண்டு மாதத்துக்கு மேல் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வருவார். ஆனால் சிலருக்கு அது கண் அழுத்தத்தை ஏற்றிவிடும். நோகாது, சிவக்காது, ஆளுக்கு ஒன்றும் தெரியாது, உள்ளே நரம்பு பழுதாகிக்கொண்டு இருக்கும், அதுதான் குளுக்கோமா. கிளினிக்கில் கண் அழுத்தம் அளப்பது அதற்காகத்தான். ஒரு நாள் போனால் போகட்டும்.

வெண்புரையைச் சேர்த்துச் செய்யாதது சரியான முடிவு. வெண்புரைக்கு உள்ளே வைக்கிற வில்லையின் இலக்கத்தைக் கருவிழியின் வளைவை அளந்துதான் கணிப்பார்கள். சதை இழுத்து வைத்திருந்த வளைவு இப்போது தளர்ந்து தன்பாட்டுக்குத் திரும்பிக்கொண்டு இருக்கிறது, அது நிலைக்க இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். அதற்குமுன் அளந்தால் பிழையான வில்லைதான் வைப்பார்கள். புதுக் கண்ணாடிக்கும் அதே காரணம், இப்போது காசைக் கொட்டாதேங்கோ.

தொழிலுக்கு, தையல் எடுத்து டொக்டர் பார்த்துச் சொன்ன பிறகு. வலை இழுப்பதும் உப்புத்தண்ணீர் அடிப்பதும் ஒரு மாதத்துக்கு வேண்டாம், கரையில் வலை பொத்துகிற வேலை இருந்தால் நிழலில் இருந்து செய்யட்டும்.

பரந்தன் ரைடர்:

இடையில் வந்து கேட்கிறேன், குறை நினைக்க வேண்டாம். மோட்டார் சைக்கிளில் ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் பரந்தன் என்று நாள்முழுக்கச் சாமான் கொண்டு ஓடுகிறவன். இரண்டு கண்ணிலும் மூக்குப் பக்கம் சின்னதாக வந்திருக்கிறது, கருவிழிக்குள் ஏறவில்லை. பின்னேரத்தில் சிவந்து எரியும். இப்போதே வெட்டிவிட்டால் நல்லதா? சிவப்புக்கு ஒரு துளி வாங்கி விடுகிறேன், விட்டவுடன் பால் வெள்ளை, அடுத்த நாள் முந்தினதைவிடச் சிவப்பு.

ஓய்வுபெற்ற தாதி:

தம்பி, கருவிழிக்குள் ஏறாமல் ஓரத்தில் மஞ்சளாகத் தடித்து நிற்பது வேறு, அதை வெட்டத் தேவையில்லை. ஏறின சதையைக்கூட எல்லோருக்கும் வெட்டுவதில்லை. பார்வைக் கோட்டைத் தொடப் போகிறது, கருவிழியை வளைக்கிறது, அடிக்கடி வீங்கி எரிகிறது, கண்ணைத் திருப்ப விடுகுதில்லை, இப்படி ஏதாவது இருந்தால்தான். அவசரப்பட்டு வெட்டினால் வல்வெட்டித்துறையார் சொன்ன மாதிரி வெட்டினதைவிட மோசமாகத் திரும்புகிற ஆபத்து இருக்கிறது, இளம் வயதென்றால் அது இன்னும் கூடுதல். அந்த வெள்ளையாக்குகிற துளியை நிறுத்துங்கோ, இரத்தக்குழாயை இறுக்கி வைத்துவிட்டு மருந்து இறங்கியதும் இன்னும் விரிய விடும். எரிவுக்குச் செயற்கைக் கண்ணீர்த் துளி போதும். ஒருக்கால் கிட்டடி ஆசுப்பத்திரி வெளிநோயாளர் பிரிவில் காட்டி கண் கிளினிக்குக்கு எழுதி வாங்குங்கோ, அரச ஆசுப்பத்திரியில் காசு இல்லை.

இது ஏன் அனேகமாக மூக்குப் பக்கம் மட்டும் வருகிறது என்று யோசித்திருக்கிறீர்களா? ஆஸ்திரேலியாவில் கொரோனியோ என்ற கண் மருத்துவர் 1990களில் இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். காதுப் பக்கத்திலிருந்து சாய்வாக வருகிற வெயிலைக் கருவிழி ஒரு வில்லையாக வளைத்து எதிர்ப்பக்க ஓரத்தில், மூக்குப் பக்கம், குவித்து விடுகிறது, அந்த இடத்துக் கலங்கள்தான் புற ஊதாக்கதிரில் கெடுகின்றன. அதனால் முன்னுக்கு மட்டும் கறுப்பாக இருக்கிற கண்ணாடியில் அரைப் பிரயோசனம்தான். பக்கவாட்டையும் மூடுகிற, புற ஊதாக்கதிரை மறிக்கிற, யூவீ 400 என்று போட்டிருக்கிற கண்ணாடி பாருங்கோ, கறுப்பு எவ்வளவு கடும் கறுப்பு என்பது கணக்கில்லை. மயிலிட்டி அப்பாவுக்கும் இதுதான், அகல விளிம்புத் தொப்பியோடு, மற்றக் கண்ணையும் சேர்த்துக் காப்பாற்ற.

ஹெல்மெட்டின் முன்கண்ணாடியை மேலே தூக்கிவிட்டு ஓடுகிற பழக்கம் இருந்தால் அதை இன்றைக்கே விடுங்கோ தம்பி. கீறல் விழுந்து ஒன்றும் தெரியவில்லை என்றால் அதை மட்டும் தனியாக மாற்றலாம், மோட்டார் சைக்கிள் சாமான் கடையில் கேட்டுப் பாருங்கோ.